ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: ஆய்வுக்கூடக் கழிவு எங்கே போகிறது?



எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆய்வுக்கூடங்களின் அபாயக் கழிவைப் பற்றிப் பேசலாம் என்று நான் சொன்னபோது, தயாரிப்புக் குழுவில் ஒருவர் சிரித்தார். "நம்ம ஜனங்களுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் என்னங்க சம்பந்தம்? வேற தலைப்பு பார்க்கலாமே" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகங்களில் வேதியியலும் உயிரியலும் படிக்கிறார்கள். நம் பெண்கள் அந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிறார்கள். நம் ஆண்கள் கழிவு ஏற்றும் லோரிகளை ஓட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்று நீரைத்தான் நாம் எல்லாரும் குழாயில் பிடித்துக் குடிக்கிறோம்.

எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சின்னம்மா பல ஆண்டுகள் ஓர் ஆய்வு நிறுவனத்தில் துப்புரவுப் பணி செய்தவர். ஒருநாள் காலை கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது, பைக்குள் இருந்த ஊசி அவர் தொடையில் குத்திவிட்டது. மருத்துவமனையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஊசி அது?" என்பதுதான். எலிக்குப் போட்ட ஊசியா, மனித இரத்தம் எடுத்த ஊசியா, ஏதாவது இரசாயனம் ஏற்றிய ஊசியா? அந்தத் தளத்தில் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது இருந்தாலும் வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு ஆறு மாதங்கள் சின்னம்மா இரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தார். அந்த ஆறு மாதமும் தம் பேரனுக்குத் தம் தட்டிலிருந்து ஒரு வாய் சோறு ஊட்டவில்லை. சோற்றில் நோய் ஒட்டாது என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "தெரியாத ஊசி பாப்பா, என்னான்னு சொல்றது" என்பார். கடைசியில் கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் அந்த ஆறு மாதத்தை யாராலும் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

நான் படித்தது பொதுமக்கள் தொடர்புத் துறை. எஸ்.பி.எம். தேர்வில் வேதியியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதினால் என் ஆசிரியர் வருத்தப்படுவார். ஆகவே அரங்கத்திற்கு வந்த விரிவுரையாளர், ஆய்வுக்கூட உதவியாளர், பாதுகாப்பு அதிகாரி ஆகிய மூவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், பிறகு சட்ட விதிகளைத் தேடிப் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த மொழியில் இங்கே தருகிறேன்.

எது அபாயக் கழிவு?

ஆய்வுக்கூடத்தில் சேரும் கழிவை நான்கு குவியலாகப் பிரித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதலாவது, இரசாயனக் கழிவு. பயன்படுத்திய அமிலம், காரம், அசிட்டோன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள், பாதரசம், ஈயம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் கலந்த நீர், காலாவதியான மருந்துப் போத்தல்கள் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, உயிரியல் கழிவு. கிருமி வளர்த்த தட்டுகள், இரத்த மாதிரிகள், சோதனை விலங்குகளின் உடல்கள் இதில் சேரும். மூன்றாவது, கூர்மையான பொருள்கள்: ஊசி, அறுவைக் கத்தி, உடைந்த கண்ணாடி. நான்காவது, கதிரியக்கக் கழிவு.

மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 2005-ஆம் ஆண்டில் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் நடப்புக்கு வந்தன. அதற்கு முன்பு 1989-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருந்தன. 2005 விதிமுறைகள் அபாயக் கழிவுகளை 5 பிரிவுகளாகவும் 77 வகைகளாகவும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்திருக்கின்றன. பாதரசம் கலந்த கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 109. நோய்க்கிருமிக் கழிவுக்கும் மருத்துவக் கழிவுக்கும் எஸ்.டபிள்யூ. 404. பழைய ஆய்வுக்கூட இரசாயனங்களுக்கென்றே தனியாக ஓர் எண் உண்டு. அது எஸ்.டபிள்யூ. 430.

அப்படியானால் சட்டம் தொழிற்சாலைக்கு மட்டும்தான் என்று யாரும் ஒதுங்க முடியாது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடமும் கழிவை உண்டாக்கும் இடம்தான். சிங்கப்பூரிலும் 1988-ஆம் ஆண்டு முதல் நச்சுத் தொழிற்கழிவுக்கெனத் தனி விதிமுறைகள் இருக்கின்றன. உரிமம் பெற்றவர்தான் அந்தக் கழிவை வந்து எடுக்க முடியும்.

தொழிற்சாலையை விடச் சிக்கல்

"தொழிற்சாலையில்தானே டன் கணக்கில் கழிவு வரும், ஆய்வுக்கூடத்தில் நாலு போத்தல்தானே?" என்று நான் கேட்டேன். பாதுகாப்பு அதிகாரி தலையை ஆட்டினார். தொழிற்சாலையில் ஆண்டு முழுவதும் ஒரே வகைக் கழிவு, ஒரே பீப்பாயில் வரும். அதில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்திலோ அளவு குறைவு; வகை அதிகம். ஒரே அறையில் ஐந்து மாணவர்கள் ஐந்து வெவ்வேறு ஆய்வு செய்வார்கள். இந்த மாதம் ஒரு கலவை, அடுத்த மாதம் வேறொரு கலவை. மூன்று ஆண்டில் படிப்பு முடிந்து மாணவர் போய்விடுவார்.

அரங்கத்திற்கு வந்திருந்த உதவியாளர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ளவர். அவர் சொன்ன ஒரு வாக்கியம் என் மனத்தில் நின்றுவிட்டது. "விரிவுரையாளர் மாறுவார், மாணவர் மாறுவார். அலமாரியில இருக்கிற போத்தல் மட்டும் மாறாதுங்க."

அளவு குறைவு என்பதாலேயே ஆபத்தும் குறைவு என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் கேரன் வெட்டர்ஹான். நச்சு உலோகங்களைப் பற்றி ஆய்வு செய்தவர். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மத்தின் சில துளிகள் அவருடைய கையுறை மீது விழுந்தன. அவர் அணிந்திருந்தது லேடெக்ஸ் கையுறை. அந்தத் திரவம் அதை ஊடுருவித் தோலுக்குள் போய்விடும் என்பது அப்போது பலருக்குத் தெரியாது. சில மாதங்கள் கழித்தே நோயின் அறிகுறி தெரிந்தது. 1997-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் இறந்தார். விவரம் அறிந்த ஒரு பேராசிரியருக்கே இந்த நிலைமை என்றால், ஒன்றும் அறியாமல் குப்பைப் பையைத் தூக்குபவரின் நிலைமை என்ன?

சேரக்கூடாதவை சேர்ந்தால்

கழிவு நிர்வாகத்தின் முதல் பாடம், பிரித்து வைப்பது. நம் வீட்டில் மீனையும் பாலையும் ஒரே பாத்திரத்தில் வைக்க மாட்டோம். ஆய்வுக்கூடத்தில் அந்தக் கவனம் பல மடங்கு வேண்டும்.

நைட்ரிக் அமிலக் கழிவு இருக்கும் போத்தலில், "இதுவும் கழிவுதானே" என்று எத்தனாலையோ அசிட்டோனையோ ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? உடனே ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். மூடியை இறுக்கிவிட்டு மாணவர் வீட்டுக்குப் போய்விடுவார். உள்ளே மெதுவாக வாயு சேரும். சில மணி நேரம் கழித்து, ஆளில்லாத அறையில், சில வேளைகளில் ஆள் இருக்கும்போதே, போத்தல் வெடிக்கும். கண்ணாடித் துண்டும் அமிலமும் எல்லாப் பக்கமும் தெறிக்கும். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து இது.

சயனைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் உயிரைக் கொல்லும் ஹைட்ரஜன் சயனைடு வாயு எழும்பும். குளோரின் வெளுப்பானோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இல்லத்தரசிகளும் இதைக் கவனிக்க வேண்டும். குளியலறை கழுவும்போது வெளுப்பானையும் அமிலம் கலந்த கழுவு நீரையும் ஒன்றாக ஊற்றினால் அதே வாயுதான் வரும். ஆய்வுக்கூடம் நம் வீட்டிலிருந்து அவ்வளவு தூரத்தில் இல்லை.

கரைப்பான்களிலும் இரண்டு சாதி உண்டு. குளோரோஃபார்ம் போல குளோரின் சேர்ந்தவை ஒன்று. எத்தனால், ஹெக்சேன் போல அது இல்லாதவை மற்றொன்று. இரண்டையும் தனித்தனிப் போத்தலில் சேர்க்க வேண்டும். குளோரின் சேர்ந்ததை எரிக்கும்போது அமிலப் புகை உண்டாகும். அதற்குத் தனிக் கவனம் தேவை, செலவும் அதிகம். ஒரு கரண்டி குளோரோஃபார்ம் விழுந்தாலும் முழுப் பீப்பாயையும் அந்த வகையில்தான் சேர்த்தாக வேண்டும்.

தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டால்?

பலரும் செய்யும் தவறு இதுதான். கை கழுவும் தொட்டியில் ஊற்றி, குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீரில் கரைந்து போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. கரைந்துதான் போகிறது. ஆனால் இல்லாமல் போவதில்லை.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று நீரைச் சுத்தம் செய்பவை நுண்ணுயிர்கள். கன உலோகமும் நச்சும் அதிகமாகச் சேர்ந்தால் அந்த நுண்ணுயிர்களே செத்துப்போகும். ஈயத்தையும் பாதரசத்தையும் எந்த நுண்ணுயிரும் தின்று அழிக்க முடியாது. அவை சேற்றில் படியும், அல்லது ஆற்றுக்குப் போகும். ஆற்றில் பாசி, பாசியைத் தின்னும் சிறுமீன், சிறுமீனைத் தின்னும் பெருமீன் என்று பாதரசம் மேலே ஏறி, கடைசியில் நம் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினாமாதா ஊரில் நடந்தது அதுதான். அங்கே தொழிற்சாலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்தது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் உலக நாடுகள் பாதரச ஒப்பந்தம் செய்துகொண்டன.

தொட்டிக் குழாயிலேயே ஆபத்து தங்குவதும் உண்டு. உயிரியல் ஆய்வுக்கூடங்களில் மாதிரிகள் கெட்டுப்போகாமல் இருக்க சோடியம் அசைடு என்ற உப்பைச் சேர்ப்பார்கள். அதைத் தொடர்ந்து தொட்டியில் ஊற்றினால், குழாயில் உள்ள செம்போடும் ஈயத்தோடும் சேர்ந்து வெடிக்கும் தன்மையுள்ள உப்பாக மாறிவிடும். பல ஆண்டுகள் கழித்து அந்தக் குழாயைப் பழுதுபார்க்க வரும் தொழிலாளிக்கு அது எப்படித் தெரியும்?

பெயர், தேதி, மூடி

சரி, என்னதான் செய்வது? உதவியாளர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

கழிவுக்குப் பொருத்தமான கொள்கலன் வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும், அதற்குப் பிளாஸ்டிக்தான். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. ஊற்றும் நேரம் தவிர மற்ற நேரத்தில் மூடி இருக்க வேண்டும். வாயு உண்டாகும் கழிவுக்கு வாயு வெளியேற வழியுள்ள மூடி போட வேண்டும். போத்தல் உடைந்தாலும் தரையில் ஓடாதபடி கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும். குடிநீர் போத்தலிலோ மைலோ டின்னிலோ கழிவை ஊற்றி வைப்பது பெரிய குற்றம். தாகத்தில் வந்தவர் தெரியாமல் எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வது?

எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர் எழுத வேண்டும். "கழிவு" என்று மட்டும் எழுதினால் போதாது. என்னென்ன கலந்திருக்கிறது, எந்த அளவில், யார் ஊற்றியது, எந்தத் தேதியில் ஊற்றத் தொடங்கியது என்ற விவரங்கள் வேண்டும். கழிவு முதன்முதலில் உண்டான தேதி, உண்டாக்கியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கொள்கலனில் தெளிவாக இருக்க வேண்டும் என்று 2005 விதிமுறைகளே சொல்கின்றன. ஆபத்தைக் காட்டும் படக்குறியும் ஒட்ட வேண்டும். படக்குறி ஏன் முக்கியம் என்பதை என் சின்னம்மாவைப் பார்த்தால் தெரியும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர் அவர். ஆங்கிலத்தில் நீளமாக எழுதிய இரசாயனப் பெயரை அவரால் படிக்க முடியாது. மண்டையோட்டுப் படத்தை யாரும் படித்துக்காட்டத் தேவையில்லை.

சேர்த்து வைப்பதற்கும் காலக்கெடு உண்டு. 180 நாள் அல்லது 20 மெட்ரிக் டன், எது முந்துகிறதோ அதுவரைதான் வைத்திருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் 20 டன் சேராது. ஆகவே 180 நாள்தான் கணக்கு. புதிய கழிவு உண்டாகத் தொடங்கினால் 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். எவ்வளவு சேர்ந்தது, எங்கே போனது என்ற பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். இந்தக் கழிவை ஆற்றில் போடவே கூடாது. ஆனால் அளந்து எழுதி வை என்ற பாடம் அப்படியே பொருந்துகிறது.

கிருமியும் ஊசியும்

கிருமி உள்ள கழிவை முதலில் கொல்ல வேண்டும். அதற்கு ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கொப்பரை இருக்கிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், அழுத்த நீராவியில் கழிவை வைப்பார்கள். பையை இறுக்கிக் கட்டி, கொப்பரை நிறையத் திணித்தால் நடுவில் இருப்பது வேகாது. சோறு நடுவில் அரிசியாக இருப்பது போலத்தான். அதனால் நேரத்தைக் கூட்டி வைக்க வேண்டும். வெப்பம் உள்ளே போனதா என்று சோதிக்கவும் வேண்டும். வெளுப்பான் ஊற்றிய கழிவை இதில் வைக்கவே கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

ஊசிக்கு என்று தடித்த பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. ஊசியைப் பயன்படுத்திய இடத்திலேயே அந்தப் பெட்டி இருக்க வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடியும் மூடி போட முயலக்கூடாது. பலருக்குக் கையில் குத்துவது அப்போதுதான். அந்த ஒரு பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தால், என் சின்னம்மாவுக்கு ஆறு மாதத் தூக்கம் கெட்டிருக்காது.

காத்திருந்தால் குறையும் ஆபத்து

கதிரியக்கக் கழிவுக்கு வேறு சட்டம். 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம். இதில் ஒரு வியப்பான செய்தி உண்டு. சில கதிரியக்கப் பொருள்களுக்குக் காலமே மருந்து. உயிரியல் ஆய்வில் பயன்படும் பாஸ்பரஸ்-32 என்ற பொருளின் கதிரியக்கம் 14.3 நாளில் பாதியாகக் குறையும். இன்னொரு 14.3 நாளில் அதில் பாதி. இப்படிப் பத்து முறை, அதாவது சுமார் 143 நாள் பாதுகாப்பாகப் பூட்டி வைத்தால், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதன்பிறகு அளந்து பார்த்து, விதிப்படி அப்புறப்படுத்தலாம். அயோடின்-125 என்றால் பாதியாக ஏறக்குறைய 60 நாள் ஆகும். அதனால் பத்து முறைக்கு 600 நாள். எந்தப் பொருள், எந்தத் தேதி என்று எழுதாவிட்டால் இந்தக் கணக்கே போட முடியாது. நீண்ட காலம் கதிர் வீசும் பொருள்களை வீட்டுப்பாடம் போல அலமாரியில் தள்ளிவைக்க முடியாது. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் அத்தகைய கழிவைக் கையாளும் வசதி இருக்கிறது.

பழைய அலமாரிகள்

இப்போது பள்ளிகளுக்கு வருவோம். உங்கள் பிள்ளை படிக்கும் இடைநிலைப்பள்ளியிலும் அறிவியல் கூடம் இருக்கும். அங்கே மூலையில் ஓர் அலமாரி இருக்கும். அதற்குள் என்ன இருக்கிறது?

பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை அடங்கி இருக்கும். ஆண்டுக்கணக்கில் கிடந்து காய்ந்துவிட்டால், மூடியைத் திருகும் உராய்விலேயே வெடிக்கக்கூடும். ஈதர் போத்தலைத் திறந்து பல மாதம் வைத்திருந்தால், காற்றோடு சேர்ந்து வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடு உள்ளே உருவாகும். ஆகவே திறந்த தேதியைப் போத்தலில் எழுதுவது உயிர் காக்கும் செயல். பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டு ஒரே ஒரு இரசாயனம் காய்ந்து போயிருக்கலாம் என்ற ஐயத்தில், நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு வெடிகுண்டு நிபுணர்கள் போக வேண்டியதாயிற்று. யாரும் குண்டு வைக்கவில்லை. அலமாரியைத் துப்புரவு செய்யாமல் விட்டதுதான் காரணம்.

அப்படிப்பட்ட பழைய போத்தலைப் பார்த்தால் தொடாதீர்கள், ஆட்டாதீர்கள், திறக்காதீர்கள். பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். பாதரச வெப்பமானி உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். தூசி உறிஞ்சியும் வேண்டாம். பாதரசம் சிறுசிறு மணியாகச் சிதறிக் காற்றில் கலக்கும். சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியேற்றி, கையுறையோடு கெட்டித் தாளால் மணிகளைத் தள்ளிச் சேர்த்து, மூடிய போத்தலில் எடுக்க வேண்டும்.

லோரி எங்கே போகிறது?

முறைப்படி சேர்த்த கழிவை, உரிமம் பெற்ற நிறுவனத்தின் லோரி வந்து எடுக்கும். கூடவே ஒரு பயணக் குறிப்பும் போகும். கொடுத்தவர், ஏற்றியவர், பெற்றுக்கொண்டவர் மூவரும் அதில் விவரம் பதிய வேண்டும். கழிவு போய்ச் சேர்ந்த உறுதி 30 நாளுக்குள் திரும்பி வராவிட்டால், கொடுத்தவரே இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது லோரி வாசலைத் தாண்டியதும் பொறுப்பு முடிந்துவிடாது.

நாட்டின் முதல் ஒருங்கிணைந்த அட்டவணைக் கழிவு மையம் நெகிரி செம்பிலான், புக்கிட் நானாசில் 1998-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. கரைப்பான் போன்றவற்றை ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் எரிப்பார்கள். அமிலத்தையும் காரத்தையும் நடுநிலைப்படுத்தி, உலோகங்களைப் பிரித்தெடுப்பார்கள். எரிந்த சாம்பலையும் உலோகச் சேற்றையும் சிமெண்டு போன்றவற்றோடு கலந்து கெட்டியாக்கி, நீர் கசியாதபடி அடியில் விரிப்புப் போட்ட நிலத்தில் புதைப்பார்கள்.

இதற்குக் காசு ஆகும். அங்கேதான் சிக்கல். ஆய்வுக்கு மானியம் கேட்கும்போது இரசாயனம் வாங்கவும் கருவி வாங்கவும் பணம் எழுதுகிறார்கள். கழிவை அப்புறப்படுத்தப் பணம் எழுத மறந்துவிடுகிறார்கள். கடைசியில் போத்தல்கள் அலமாரியில் தூங்குகின்றன. கல்யாணத்திற்குச் சமையல் செலவு எழுதிவிட்டு, இலை எடுப்பவருக்குக் கூலி எழுதாமல் விட்டதைப் போல.

கொட்டியவர் ஒருவர், பட்டவர் பலர்

காசு மிச்சம் பிடிக்கக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜொகூர் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு சட்டவிரோதமாகக் கொட்டப்பட்டது. பக்கத்துப் பள்ளி மாணவர்கள் மூச்சுத் திணறி மயங்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2020 செப்டம்பரில் ரவாங் பகுதியில் கோங் ஆறு மாசுபட்டு, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. நம் வீடுகளில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தது நினைவிருக்கும்.

இவை ஆய்வுக்கூடங்கள் செய்தவை அல்ல. ஆனால் இரசாயனத்திற்கு ஆள் அடையாளம் தெரியாது. பட்டம் பெற்றவர் ஊற்றினாலும் பாமரர் ஊற்றினாலும் அது ஒரே வேலையைத்தான் செய்யும். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அபராதம் ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டிருக்கிறது. சிறைத் தண்டனையும் உண்டு.

குறைத்தாலே பாதி வெற்றி

அரங்கத்தின் கடைசிப் பகுதியில் விரிவுரையாளர் ஒரு நல்ல வழி சொன்னார். கழிவை எப்படி அழிப்பது என்று யோசிப்பதற்கு முன், அது உண்டாகாமல் இருக்க என்ன வழி என்று பார்க்க வேண்டும். பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் என்ற இரு வேதியியல் அறிஞர்கள் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகளில் முதலாவது இதுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று ஐந்து லிட்டர் வாங்கி, அரை லிட்டர் பயன்படுத்தி, மீதியைக் கழிவாக்குவது சிக்கனம் ஆகாது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்கலாம். பாதரச வெப்பமானிக்குப் பதில் வேறு வெப்பமானி வாங்கலாம். மாணவர் சோதனைகளைச் சிறிய அளவில் செய்யலாம். பாடமும் குறையாது, கழிவும் பெருகாது.

இரண்டு வேண்டுகோளோடு முடிக்கிறேன்.

ஆய்வுக்கூடத்தில் இருக்கும் தம்பி தங்கைகளே, படிப்பு முடிந்து கிளம்பும் நாளில் ஆய்வேட்டை ஒப்படைப்பது போல, உங்கள் போத்தல்களையும் பெயர், தேதியோடு ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

துப்புரவுப் பணியில் இருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கேட்பது உங்கள் உரிமை. வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெயர் எழுதாத போத்தலையோ ஒழுகும் பையையோ தொட மறுத்து, மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். ஊசி குத்திவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே மருத்துவரிடம் போங்கள்.

நிகழ்ச்சி ஒளியேறிய அன்று சின்னம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பேரனை மடியில் வைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இப்பவாச்சும் பேரு எழுதுறாங்களா பாப்பா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் அல்ல. ஆய்வுக்கூடங்களில் எழுதுகோலைக் கையில் வைத்திருப்பவர்கள்தாம் சொல்ல வேண்டும்.